வேலை முடிந்தது, தகராறு தொடங்கியது

ஒருவர் வேலையைச் செய்து கொடுத்துவிட்டேன் என்பார், இன்னொருவர் அது வேலையே இல்லை என்பார். இரண்டு பேரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோபப்படாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வீட்டிலிருந்தபடியே லோகோ வரைகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், வீடியோ எடிட் செய்கிறவர்கள், அவர்களிடம் வேலை வாங்குகிறவர்கள் எல்லாரும் சந்தித்துக்கொள்ளும் ஓர் இணையதளத்தில், தகராறு தீர்க்கும் பிரிவில் இருக்கிறேன். வேலை கொடுப்பவர் பணத்தை முதலிலேயே எங்களிடம் கட்டிவிட வேண்டும். வேலை முடிந்து அவர் ‘சரி’ என்ற பட்டனை அழுத்தினால் பணம் செய்தவருக்குப் போகும். அழுத்தாவிட்டால் ஃபைல் எனக்கு வரும். தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். சித்தூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இரண்டும் ஒரே மூச்சில் வரும், இதற்குப் போய் சம்பளமா என்று முதல் மாதம் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது மாதம் விஷயம் புரிந்தது. இரண்டு மொழியிலும் திட்டு வாங்க ஒரே ஆள் என்றால் கம்பெனிக்கு லாபம்.

திருப்பதியில் ஒரு டிபன் சென்டருக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். நான், என்னோடு ஒரே நாளில் சேர்ந்த வரதன், மேனேஜர் ரெட்டி சார், மூன்றே பேர். "சின்ன வேலைதாங்க, பத்து நிமிஷம்தான் ஆகும்" என்று ஒருவர் சொல்ல, அதை நம்பி இரண்டு வாரம் உட்கார்ந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வரப்பும் ஒரு ஸ்டாரும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடிபாலாவில் இருக்கும் எங்கள் நைனா ஊர் முழுக்க ஒரு செய்தியைப் பரப்பிவிட்டார். "எம் பொண்ணு தீர்ப்பு சொல்ற வேலையில கீது." பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முனிரத்தினம் மாமா ஒரு மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பைக்குள் பட்டா, சர்வே நம்பர், நாலு போட்டோ. பக்கத்து நிலத்துக்காரர் வருஷா வருஷம் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வருகிறாராம். "போன வருசம் வண்டி போச்சு பாப்பா. இப்ப நான் ஒத்தைக் கால்ல நடந்துக்கினு போறேன்" என்றார்.

அரை மணி நேரம் அவருக்கு விளக்கினேன். நான் கோர்ட்டும் இல்லை, நிலக் கணக்குப் பார்க்கிற எம்.ஆர்.ஓ. ஆபீசும் இல்லை, கம்ப்யூட்டரில் வேலை செய்து கொடுத்த தகராறு மட்டும்தான் எங்களுக்கு வரும் என்றேன். வேலை செய்தவருக்கு வேலை கொடுத்தவர் மார்க் போடுவார், ஐந்து ஸ்டார் வாங்கினால் நல்ல பெயர், ஒரு ஸ்டார் வாங்கினால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"சரி பாப்பா, கேஸ் வேணாம். அவன் பேருக்கு ஒரே ஒரு ஸ்டார் மட்டும் போட்டு வுட்டுடு."

லாட்ஜ் பிள்ளையார்

காணிப்பாக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் நரசிம்மலு நாயுடுவுக்கு ஒரு லோகோ வேண்டியிருந்தது. மதுரையில் இருக்கும் அபிநயா என்ற பெண் வேலையை எடுத்துக்கொண்டாள். லோகோவில் பிள்ளையார் இருக்க வேண்டும், சாவி இருக்க வேண்டும், வெந்நீர் வருகிறது என்பது தெரிய வேண்டும், பிள்ளையார் முகத்தில் காலமான தன் அப்பாவின் சாயல் லேசாக வர வேண்டும். இருபத்து மூன்று தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். இருபத்து மூன்றாவது தடவையும் "புடிக்கல" என்று எழுதி, பணத்தைத் திருப்பிக் கேட்டார் நாயுடு. இரண்டு பேரையும் ஒரே போனில் இணைத்தேன்.

"பிள்ளையார் நல்லாத்தான் கீறாரு மேடம். ஆனா நம்மளப் பாக்க மாட்டேங்கறாரு" என்றார் நாயுடு. அபிநயா மறுபடி ஃபைலைத் திறக்கிற மவுஸ் சத்தம் கேட்டது. பிறகு, "சார், நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு சொல்லுங்க, அந்தப் பக்கம் பாக்க வச்சுடறேன்" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. நான் முடிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை குடும்பத்தோடு காணிப்பாக்கம் போனோம். கோயிலுக்குப் போகிற வழியில் அண்ணாந்து பார்த்தால், ஒரு லாட்ஜின் மூன்று மாடி உயரத்துக்கு அபிநயாவின் பிள்ளையார். உள்ளே போனேன். சாவிக் கொத்தில் அவர், சோப்பு உறையில் அவர், கவுண்டரில் அடுக்கியிருந்த துண்டுகளில் அவர். நான் யார் என்று சொன்னதும் நாயுடு பதறவே இல்லை, எங்களுக்குக் காபி சொன்னார். திங்கட்கிழமை முழுப் பணமும் அபிநயாவுக்குப் போயிற்று. ஆனால் அன்றைக்குக் கவுண்டரில் அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் விதிமுறைப் புத்தகத்தில் இன்றுவரை பதில் இல்லை.

"புடிக்கலன்னுதானேம்மா சொன்னேன், வேணாம்னா சொன்னேன்?"

மாம்பழ ஜூஸ்

கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஜூஸ் கம்பெனி. பாட்டில் லேபிளைத் தமிழில் போட, ராணிப்பேட்டைக்காரர் தணிகாசலத்திடம் கொடுத்தார்கள். ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’ என்ற இடத்தில் அவர் எழுதியது: "பயன்படுத்தும் முன் நன்றாக நடுங்கவும்." அதற்குக் கீழே, "குளிர்ந்த பின் சேவை செய்யவும்." கம்பெனி முதலாளி அதை அச்சடித்து, ஒட்டி, வேலூருக்கு ஒரு வண்டி சரக்கும் அனுப்பிவிட்டார். அங்கே ஒரு கடைக்காரர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கிக் காட்டி வீடியோ போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"மெஷின்ல போட்டு எடுத்துட்டான் மேடம், மனுஷன் எழுதினா இப்படி வருமா?" என்று முதலாளி கத்தினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தணிகாசலமோ ஏழுமலையான் மேல் சத்தியம் செய்தார், கையாலேயே எழுதினேன் என்று. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பினார். நிஜமாகவே கையெழுத்துதான், அடித்துத் திருத்தி, பேனா எல்லாம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. லேபிளைக் காசு வாங்காமல் மறுபடி எழுதிக் கொடுப்பது, அதன் பிறகு பேசின பணத்தை வாங்கிக்கொள்வது என்று முடித்து வைத்தேன். போனை வைக்கும் முன், மனசு கேட்காமல், எப்படிங்க ‘நடுங்கவும்’ வந்தது என்று கேட்டேன்.

"அன்னிக்கி எனக்கு நூத்திரெண்டு ஜுரம் மேடம். நான் நடுங்கிக்கினேதான் எழுதனேன்."

பூ அனுப்பினவர்

இது வரதனிடம் வந்த கேஸ். வரதனின் அப்பா கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். வரதனும் நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு உட்கார்ந்து, எவ்வளவு மோசமான சண்டையையும் "தேவரீர் சொல்றது எனக்குப் புரியறது" என்று ஆரம்பிப்பான். அன்றைக்கு அவனே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தான்.

திருப்பதியில் டாக்சி ஓட்டும் சுதாகருக்குக் கோயம்புத்தூர் கார்த்திக் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறான். சென்னைக்கு வாடகை மூவாயிரத்து ஐந்நூறு என்று போட வேண்டிய இடத்தில் ஒரு சைபரை விட்டுவிட்டான். காலையில் சுதாகர் பல் துலக்குவதற்குள் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு நாற்பது பேர் காரை புக் செய்துவிட்டார்கள். பதறிப்போன சுதாகர் கார்த்திக்குக்குத் தெலுங்கில் ஒரே வரி எழுதினார்: "நா பனி அயிபோயிந்தி." என் கதை முடிந்தது, நான் தொலைந்தேன் என்று அர்த்தம். தெலுங்கு தெரியாத கார்த்திக் அதை மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டுப் பார்த்தான். "என் வேலை முடிந்தது" என்று வந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். கும்பிடும் கையோடு ஒரு பெரிய பூங்கொத்துப் படத்தை அனுப்பிவிட்டு, அதே வரியை அத்தாட்சியாக வைத்துப் பணம் கேட்டு எங்களுக்கும் மனுப் போட்டுவிட்டான்.

விட்ட சைபரை கார்த்திக் சேர்த்தான், நாற்பது பேரிடமும் தானே போன் செய்து மன்னிப்புக் கேட்டான். அதற்கப்புறம்தான் பணம். எல்லாம் முடிந்த பிறகும் சுதாகருக்கு ஒரு விஷயம் மட்டும் ஆறவில்லை. வரதனிடமிருந்து போனை வாங்கி நான் பேசியபோது சொன்னார்:

"நான் செத்தேன்னு சொல்றேன் மேடம், அவன் பூ அனுப்பறான்!"

குப்பை வண்டி

‘குளோபல் லேர்னிங்’ என்று ஒருவர், ‘பிக்சல் கிங்’ என்று ஒருவர். எங்கள் தளத்தில் இப்படித்தான், பல பேர் சொந்தப் பெயர் வைப்பதில்லை. லேர்னிங்குக்கு டியூஷன் வீடியோக்கள் எடிட் செய்து கொடுத்தார் கிங். லேர்னிங் ‘சரி’ அழுத்தவில்லை, இரண்டு வாரமாக இங்கிலீஷில் சண்டை. ‘சட்டப்படி நடவடிக்கை’ என்று ஒருவர் எழுத, ‘என் வழக்கறிஞர் பேசுவார்’ என்று மற்றவர் எழுத, கடைசியில் இருவரையும் ஒரு காலை வேளையில் போனில் பிடித்தேன். அங்கேயும் கரகரப்பாக, விறைப்பாக, இங்கிலீஷ்தான்.

நடுவில் முனிசிபாலிட்டி குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. லேர்னிங்கின் போனில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கிங்கின் போனிலும் அதே பாட்டு, அதே வரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஒன் மினிட் மேடம்" என்றார்கள். இரண்டு கதவு திறக்கும் சத்தம். பிறகு ஒரு குரல், இங்கிலீஷ் எல்லாம் போய், "இன்னா சார், போன்ல யாரு?" என்று கேட்டது. அதற்கப்புறம் எனக்குக் கேட்டதெல்லாம் குப்பை வண்டிதான்.

சித்தூரில் ஒரே வீடு. மேல் மாடியில் ஓனர் பாஸ்கர், அவர்தான் லேர்னிங். கீழ் வீட்டில் குடியிருப்பவர் தினகரன், அவர்தான் கிங். வாடகையை எப்போதும் தினகரனின் மனைவிதான் கொண்டுபோய்க் கொடுப்பாராம், அதனால் ஆண்கள் இரண்டு பேரும் பார்த்தால் தலையாட்டுகிற பழக்கம்தான். ஐந்து நிமிஷம் கழித்து தினகரன் போனுக்கு வந்தார். எங்கள் கம்பெனிக்குக் கமிஷன் கிடைக்காத ஒரே சமாதானம் அது, ரெட்டி சார் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

"கேஸை மூடிடுங்க மேடம், நான் வாடகையில கழிச்சுக்கறேன்."

நாலு நிமிஷம்

செல்வி கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே பாகங்களைப் பொருத்துகிற வேலை. காலில் நரம்பு சுருண்டுவிட்டது, இனி நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹாஸ்டலில் உட்கார்ந்து, பேச்சைக் கேட்டு, நிமிஷத்துக்கு இவ்வளவு காசு என்று டைப் செய்து தரும் வேலையை எங்கள் தளத்தில் பிடித்துக்கொண்டாள். பத்துப் பேரிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டால் தொழிற்சாலையை விட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. ஒன்பது பேரிடம் வாங்கிவிட்டாள். பத்தாவது, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்காரர். கிணறு வற்றி, போர் போட்டு, அதுவும் வற்றிப்போன விவசாயிகளின் பேட்டிகளைக் கொடுத்திருந்தார். அவள் செய்து முடித்ததும், ஓரிடத்தில் நாலு நிமிஷப் பேச்சைக் காணோம், ஏமாற்றுகிறாள் என்று பணத்தை நிறுத்தி, ஒரு ஸ்டாரும் போட்டுவிட்டார்.

டைப் செய்த தாளில் அந்த இடத்தைப் பார்த்தேன். ‘அழுகிறார்’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது. ஒரு ஃபைலுக்கு நாற்பது நிமிஷம்தான் செலவழிக்கலாம் என்பது எங்கள் விதி. நான் அந்தப் பேட்டியை முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். இரண்டரை மணி நேரம். "ஏமம்மா, பொழுதெல்லாம் ஒரே ஃபைலா?" என்று ரெட்டி சார் பின்னால் வந்து நின்றார். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தேன். அஞ்சாவது போரும் பொய்த்துப்போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்த மனுஷர் நடுவில் நின்றுபோனார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. முதலில் மூச்சு, அப்புறம் அழுகை. நாலு நிமிஷமும் அதுதான். ரெட்டி சார் முழுக்கக் கேட்டார். ஹெட்போனை என் மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

ஆராய்ச்சிக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க இதைக் கேட்டீங்களா சார்?" என்றேன். "இல்லை, எழுத்தும் நேரமும் பொருந்துதான்னு சாஃப்ட்வேர் பார்க்கும்" என்றார். லைனில் இருந்தபடியே கேட்கச் சொன்னேன். கேட்டார். சின்னப் பையன்தான் போலிருக்கிறது, "சாரி" என்று மூன்று தடவை சொன்னார். பணம் போயிற்று. ஒரு ஸ்டார் ஐந்தாயிற்று. செல்விக்குச் சொல்லப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

"நானும்தான் கூட அழுதேன் மேடம். அந்த நாலு நிமிசத்துக்கு நான் காசே போடல."

மெஷின் சொன்ன தீர்ப்பு

போன வருஷம் தலைமை ஆபீசிலிருந்து ஒரு கடிதம். இனிமேல் தகராறுகளை முதலில் ஒரு மெஷின் பார்க்கும். மூன்று மாதம் சோதனை, நன்றாக நடந்தால் எங்கள் மாடி காலி. வரதன் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தான். நான் வீட்டில் சொல்லவில்லை, ஆனால் புது ஃபிரிட்ஜ் வாங்கும் பேச்சை மட்டும் தள்ளிப்போட்டேன். மெஷின் ஒரு கேஸை இரண்டு நிமிஷத்தில் முடித்தது. யார் எது சொன்னாலும், "உங்கள் இருவரின் உணர்வுகளையும் புரிந்துகொள்கிறோம்" என்று ஆரம்பித்து, பணத்தில் பாதி உனக்கு, பாதி உனக்கு என்று பிரித்தது.

இரண்டாவது மாதம் மாடிப்படியில் இரண்டு பேர் சேர்ந்து ஏறி வந்தார்கள். ஒருவர் சித்தூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ரமணய்யா. மற்றவர் அவருக்குக் கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுக்கும் பழனி. மணப்பெண்ணை வெளுப்பாக்கச் சொன்னால் மாப்பிள்ளையையும் சேர்த்து வெளுத்துவிட்டான், இரண்டு பேரும் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறார்கள் என்பது ரமணய்யாவின் புகார். அவர்தான் எல்லாரையும் வெளுக்கச் சொன்னார் என்பது பழனியின் பதில். மெஷின் பாதிப் பாதி என்றதில் இரண்டு பேருக்கும் ஒரே ஆத்திரம். ஒரே பஸ்ஸில் வந்து, கீழே டிபன் சென்டரில் ஒன்றாகத் தோசை தின்றுவிட்டு, மெஷின் மேல் புகார் கொடுக்க வந்திருந்தார்கள். மனுவில் இரண்டு கையெழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

பணத்தைத் திருப்பிப் பிரிக்க வேண்டுமா என்று கேட்டேன். அது வேண்டாமாம், பாதிப் பாதியே இருக்கட்டுமாம். பிறகு என்னதான் வேண்டும் என்றேன். இப்படி வந்தவர்கள் அந்த மூன்று மாதத்தில் இவர்கள் மட்டுமில்லை. மெஷின் முடித்துவைத்த கேஸ்கள் எல்லாம் வரிசையாகப் போனில் திரும்பி வந்தன, தலைமை ஆபீஸ் சோதனையை நிறுத்திவிட்டது, நாங்கள் மூன்று பேரும் இன்றைக்கும் அதே நாற்காலிகளில் இருக்கிறோம், ஃபிரிட்ஜும் வந்துவிட்டது. அன்றைக்கு என் கேள்விக்கு ரமணய்யாவும் பழனியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனிதான் சொன்னார்:

"நீங்க எங்க ரெண்டு பேரையும் ஒரு தபா நல்லா திட்டிடுங்க மேடம், நாங்க பாட்டுக்கு வேலையப் பாத்துக்கினு போயிடறோம்."

யார் பக்கம் நியாயம் என்று கண்டுபிடிப்பது இந்த வேலையில் அப்படியொன்றும் கஷ்டமில்லை, அதை இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு முதலில் போனை வைப்பது எப்படி என்பதுதான் இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.